பாத்திமுத்து தவறவிட்ட காய்

கோயமுத்தூர் செல்வபுரத்தில் எங்கள் லைன் வீட்டுக் குழாயடியில் யாராவது வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டால், அது பாத்திமுத்துவாகத்தான் இருக்கும். எனக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் வீட்டில் மிக்சி ஓடினால் என் வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும். சென்னிமலையிலிருந்து வருகிற துணியை வாங்கி வீட்டிலேயே தலையணை உறை தைத்துக் கொடுக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ரசாக், காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் செல்போன் உறை விற்கிறார். "அவ தலகாணிக்குச் சட்டை போடறா, நான் போனுக்குச் சட்டை போடறேன். எங்க ரெண்டு பேருக்குத்தான் நல்ல சட்டை இல்லீங்க" என்று ரசாக் சொல்லிச் சிரிப்பார்.

பிள்ளைகள் இல்லை. அது ஆண்டவன் சித்தம். அதைச் சொல்லி அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

ஒரு டீக்கடையை மூடியபோது அங்கே கிடந்த பழைய கேரம் போர்டை ரசாக் மலிவாக வாங்கி வந்தார். தான் ஆடத்தான் வாங்கினார். ஒரே மாதத்தில் பெண்டாட்டியிடம் தோற்றுத் தோற்று ஆடுவதையே விட்டுவிட்டார். அதன்பிறகு மதியத் தொழுகை முடிந்ததும் அந்த வீட்டில் காய் மோதுகிற சத்தம் கேட்கும். பக்கத்து வீடுகளின் பிள்ளைகளெல்லாம் அங்கேதான் கிடந்தார்கள். எதிர்வீட்டு சீனிவாஸின் மகள் ஹாரிகா பலகைக்கு எட்டாத வயதில் முட்டி போட்டு ஆடிப் பழகியதும் அங்கேதான்.

பாத்திமுத்துவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் பக்கத்தில் விருந்தாளியை முகம் வாடி அனுப்ப மாட்டோம். அவளும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து ஆடுகிறவர்களை முதலில் வெளுத்து வாங்குவாள், கடைசியில் பாக்கெட் வாயில் சுலபமான காய் ஒன்று நிற்கும், அதை மட்டும் லேசாக உரசிவிட்டு, "அட, போச்சே!" என்று நெற்றியில் அடித்துக்கொள்வாள். எதிரே இருப்பது பிள்ளையாக இருந்தால் அது குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். அந்த மாதிரி எத்தனையோ காய்களை ஹாரிகாவுக்காக விட்டிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்ததுதான்.

போட்டிக்குப் போனால் அவள் வேறு ஆள். கோயமுத்தூர், ஈரோடு பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து நடக்கிற மண்டலப் பெண்கள் போட்டிக்கு நானும் துணைக்குப் போவேன். ரசாக் வண்டியை விட்டு வர முடியாது. மைதானத்தில் கபடி ஆடுகிறவர்கள்கூட அவ்வளவு மூர்க்கமாக இருக்க மாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் மாநிலப் போட்டிக்கு மட்டும் அவள் போனதேயில்லை. வருடா வருடம் ஏதாவது ஒன்றில் தட்டிப் போகும். நாற்பதைத் தாண்டிய பிறகு, "இந்த வருசமாச்சும் திருச்சியப் பாத்துப் போடோணும் மாரியக்கா" என்று என்னிடம் அடிக்கடி சொல்ல ஆரம்பித்தாள். மாநிலப் போட்டி திருச்சியில்தான் நடக்கும்.

போன வருடம் அது கூடி வந்தது. கடைசிச் சுற்றில் சிலர்தான் மிச்சம். ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஆட வேண்டும். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் திருச்சிக்கு. பாத்திமுத்து ஆடியதையெல்லாம் ஜெயித்து முதல் இடத்தை முன்னாடியே உறுதி செய்துகொண்டாள். அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம், அதுவும் நம்ம ஹாரிகாவோடு. அந்த ஆட்டத்தில் ஹாரிகா ஜெயித்தால் இரண்டாம் இடம் அவளுக்கு. தோற்றால் சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்த நேஹா என்கிற பெண்ணுக்கு. நேஹா தன் ஆட்டங்களை முடித்துவிட்டு, பின்வரிசையில் டிபன் பாக்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பெண்களுக்கும் மாநிலப் போட்டிச் சான்றிதழ் வேண்டும். அது இருந்தால் காலேஜில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும்.

ஆட்டத்துக்கு முன்னால் சாப்பாட்டு நேரத்தில் சீனிவாஸ் வந்தார். நல்ல மனிதர், அடுத்தவர் சொத்துக்கு ஆசைப்படாதவர். கையைப் பிசைந்துகொண்டே பாத்திமுத்துவிடம் சொன்னார்:

"ஏனுங்க அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. நீங்கதான் உள்ள போயிட்டீங்களே. இந்த ஒரு ஆட்டம் உங்களுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. புள்ள உங்க மடியில வளந்தவ."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்லீங்க. ரொம்பப் போட்டு அடிக்காம, கொஞ்சம் பாத்து…"

எனக்கும் அதில் பெரிய தப்பு தெரியவில்லை. விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். பாத்திமுத்து தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"என்ர எடத்தைக் கேளுங்க, யோசிச்சுச் சொல்றேன். நீங்க கேக்கறது அந்தச் சத்தியமங்கலத்துப் புள்ளயோட எடமுங்க. அதை நான் எப்படிங்க தூக்கிக் குடுக்கறது?"

"அந்தப் புள்ளய நமக்குத் தெரியாதுங்களே."

"அதேதானுங்க நானும் சொல்றேன். தெரியாதுங்கற ஒரே காரணத்துக்காக அவ தோக்கோணுமா?"

சீனிவாஸின் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க. பெத்த மனசு" என்று சொல்லி நகர்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே மாரியம்மனை நினைத்து, ஹாரிகா ஜெயிக்கட்டும் என்று வேண்ட ஆரம்பித்தேன். அப்போது பின்வரிசையில் அந்த நேஹா உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பது கண்ணில் பட்டது. அவளுக்காகவும் எங்கேயோ ஒருத்தி விளக்கேற்றி வைத்திருப்பாள் அல்லவா? வேண்டுதல் பாதியில் நின்றுவிட்டது. யாருக்கு நியாயமோ அவர்களுக்குக் கொடு தாயே என்று விட்டுவிட்டேன்.

முதல் ஆட்டத்தைப் பாத்திமுத்து எடுத்தாள். சும்மா எடுக்கவில்லை, அந்தப் பெண்ணை மூச்சுவிட விடாமல் எடுத்தாள். சீனிவாஸ் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். இரண்டாவதை ஹாரிகா பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயித்தாள். மூன்றாவது ஆட்டம் இழுத்துக்கொண்டே போய், இருவரும் ஒட்டி ஒட்டி வந்து கடைசி போர்டில் நின்றது. காயை அடுக்கி ஒரு தடவை ஆடி முடிப்பதுதான் ஒரு போர்டு.

அந்த போர்டில் பாத்திமுத்து ரெட் என்கிற சிவப்புக்காயைப் போட்டாள். அதைப் போட்டால் உடனே தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். அதற்கு ஃபாலோ என்று பெயர். போடாவிட்டால் ரெட் காயை எடுத்து மறுபடி நடுவில் வைத்துவிடுவார்கள். அவளுடைய வெள்ளைக்காய் ஒன்று வலது பக்க பாக்கெட்டின் வாயிலேயே நின்றிருந்தது. கேரம் தெரியாத எனக்கே அது விழுந்த மாதிரிதான் தெரிந்தது.

அவள் ஸ்ட்ரைக்கரை வைத்தாள். ஹாரிகாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அடித்தாள்.

காய் விழவில்லை. உரசிவிட்டு, ஸ்ட்ரைக்கர் தாண்டிப் போய்விட்டது.

ரெட் நடுவுக்கு வந்தது. ஹாரிகா அதைப் போட்டாள், ஃபாலோவும் போட்டாள், மிச்சத்தையும் முடித்தாள். ஹாலில் எல்லோரும் கைதட்டினார்கள். பாத்திமுத்து ஹாரிகாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் திரும்பிப் பார்த்தபோது பின்வரிசை நாற்காலி காலியாக இருந்தது. நேஹா யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சீனிவாஸ் மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"இந்த மனசு யாருக்குங்க வரும்!"

"நான் விட்டுக்குடுக்கலீங்க."

"தெரியுங்க, தெரியுங்க. என்ர வாயில இருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது."

"நெசமாலுமே விடலீங்க!"

"சரீங்க, விடலீங்க" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு, டப்பாவைத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனார். குழாயடியிலும் இதே பேச்சுதான். "எப்படி நடிச்சா பாத்தியா, நெத்தியில அடிச்சுக்கக்கூட இல்ல" என்று ஒருத்தி மெச்சினாள். ஊரே ஒரு மனுஷியைப் புகழ்கிறது, அவளோ நெருப்பில் நிற்கிற மாதிரி நிற்கிறாள். அன்றைக்குத்தான் அப்படி ஒன்றைப் பார்த்தேன்.

சாயங்காலம் நானும் அங்கே இருந்தபோது ஹாரிகா வந்தாள். உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் ஜெயிச்சனா? இல்ல, ஜெயிக்க உட்டீங்களா?"

பாத்திமுத்து தையல் மிஷின் மேலிருந்த மைசூர்பாகு டப்பாவை ஓரமாக நகர்த்தி வைத்தாள். காலையில் சீனிவாஸிடம் அடித்துச் சொன்னதை இவளிடம் சொல்லவில்லை.

"சொல்லுங்கக்கா."

"நான் உடோணும்னு நெனைக்கல கண்ணு" என்றாள் கடைசியில். ஹாரிகா நிலையை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்று எனக்கே தெரிந்தது.

அவள் போன பிறகு பாத்திமுத்து என்னிடம் சொன்னாள்: "அக்கா, எங்க மார்க்கத்துல நிய்யத்துன்னு சொல்லுவாங்க. மனசுக்குள்ள வெக்கற எண்ணம். தொழுகைக்கும் நோம்புக்கும் அதுதான் உசிரு. என்ர நிய்யத்து என்னன்னு என்னைத் தவிர ஆருக்குத் தெரியும்? எனக்கே தெரியலையே. அடிக்கறப்ப அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தேன். இந்தக் கை அவளுக்கு எத்தனை காய் உட்டுப் பழகின கை! அது பாட்டுக்கு உட்டுருச்சோ என்னமோ."

அதற்கப்புறம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தையல் வேலையெல்லாம் அப்படியே கிடக்க, அவள் அந்த வெள்ளைக்காயை அதே இடத்தில் வைப்பாள், அடிப்பாள். விழும். மறுபடி வைப்பாள், அடிப்பாள். விழும். ஒரு தடவை விழாது. "பாத்தியாக்கா, தவறுதே!" என்று சந்தோஷப்படுவாள். அடுத்து விழுந்துகொண்டே இருக்கும், முகம் செத்துப்போகும். சாப்பாட்டுக்கு வந்த ரசாக் ஒருநாள் பார்த்துவிட்டுக் கத்தினார்:

"அடி இவளே, ஊட்டுல உக்காந்து அடிக்கறதும், அத்தனை சனத்துக்கு நடுவுல அடிக்கறதும் ஒண்ணா? நாள் பூரா அடிச்சாலும் இந்தப் போர்டு உனக்கு ஒண்ணும் சொல்லாது. திருச்சிக்குப் போற வழியப் பாரு."

அவர் சொன்னது சரிதான். அடிப்பதை நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் கழித்து, "சத்தியமங்கலம் போயிட்டு வரலாமாக்கா?" என்று கேட்டாள்.

போனோம். விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தபோது நேஹா வாசலில் ஸ்கூட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே போடவில்லை.

"வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

பாத்திமுத்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன்னிடம் வந்து கேட்டதை, தான் மறுத்ததை, அடிக்கும்போது ஹாரிகாவைப் பார்த்ததை, தன் கைப்பழக்கத்தை. ஒன்றையும் மறைக்கவில்லை. நேஹா ஸ்கூட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"இப்ப வேணும்னு உட்டீங்களா, இல்லீங்களா?"

"தெரியலை கண்ணு. அதைச் சொல்லத்தான் வந்தேன். மனசுக்குத் தாங்கல."

நேஹா நிமிர்ந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, நிதானமாகத்தான் சொன்னாள்:

"இப்ப நான் 'பரவால்லீங்கக்கா'ன்னு சொல்லோணும். சொன்னா உங்க மனசு லேசாயிரும், பஸ் ஏறிப் போயிருவீங்க. எனக்கு என்னங்க மிச்சம்?"

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு தூரம் வந்து உண்மையைச் சொன்ன மனுஷியிடம் இப்படியா பேசுவது என்று நினைத்தேன். ஆனால் பாத்திமுத்து தலையை ஆட்டினாள். அந்தப் பெண் சொன்னது அவளுக்குள் நேராக இறங்கிவிட்டது.

"செயலாளர் நம்பர் இருக்குதா?" என்றாள்.

"எதுக்குங்க?"

"குடு கண்ணு."

கேரம் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டாள். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"நான் திருச்சிக்கு வரலீங்க. எனக்கு அடுத்தது ஆருங்க?"

"ஏனுங்கம்மா, உடம்புக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சா?"

"உடம்பு நல்லாத்தானுங்க இருக்குது. அடுத்தது ஆருன்னு சொல்லுங்க."

"மூணாவது அந்தச் சத்தியமங்கலம் புள்ளைங்க. காரணம் கேப்பாங்களே?"

பாத்திமுத்து யோசித்தாள். நடந்ததைச் சொன்னால் ஹாரிகா ஜெயித்ததன்மேல் சேறு விழும். இன்னதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்லவும் அவளால் முடியாது.

"எனக்கு மனசு வரலீங்க. அதையே எழுதிக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

நேஹாவின் முகம் கறுத்தது. "பாவம் பாத்துக் குடுக்கறது எனக்கு வேண்டாமுங்க."

"பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல. நான் போகலைன்னா அடுத்தது நீ. சங்கத்து விதி அது. வேண்டாம்னா நீயே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிக்கோ. அதுக்கும் நான் உங்கிட்ட வந்து கெஞ்ச மாட்டேன்."

நேஹா கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே இருந்தாள். பிறகு, "டீ குடிச்சுட்டுப் போங்க" என்று உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டேன், "உனக்கு ஆசையே இல்லாம போச்சா?"

"இருக்குதுக்கா. இப்பக்கூட அந்த மனுசனுக்குப் போன் பண்ணி, சும்மா சொன்னேனுங்க, நான் வாரேனுங்கன்னு சொல்லிப் போடலாமான்னு கை பரபரங்குது." சொல்லிக்கொண்டே செல்போனை எடுத்து என் மடியில் போட்டாள். "இதை நீயே வெச்சுக்கோ. கோயமுத்தூர் வந்து ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் குடுக்காதே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புளியம்பட்டி தாண்டுகிற வரைக்கும் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று இருந்தேன்.

வீட்டில் ரசாக் சாமானியமாக விடவில்லை. "செயிச்ச எடத்தைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்திருக்கா பாருங்க! இத்தனை வருசம் இந்தச் சத்தத்தை ஆருக்காகடி சகிச்சுக்கிட்டேன்?" என்று சுவர் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்தினார். அந்த வாரம் முழுக்க அவளோடு பேசாமல் என்னிடம் குறை சொன்னார். சீனிவாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. குழாயடிக்கோ புகழ்வதா திட்டுவதா என்று தெரியவில்லை.

ஹாரிகாவுக்குத்தான் அதிகம் வலித்தது. "அப்ப நான் செயிக்கலைன்னு நீங்களே முடிவு பண்ணிப் போட்டீங்களா?" என்று வந்து நின்றாள்.

"இல்லவே இல்ல அம்மிணி. ரெட் போட்டது உன்ர கை, ஃபாலோ போட்டது உன்ர கை. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. சந்தேகமெல்லாம் என்ர கை மேலதான்."

ஹாரிகா நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. திருச்சிக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளத்தான் வந்தாள். ஆனால் முன்போலக் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. இப்படி ஒன்றை நேர் செய்யப்போனால் இன்னொன்று கோணுகிறது. அதற்காக, பாத்திமுத்து செய்தது தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் மனசுக்குள் என்ன இருந்தது என்று தெரியாதபோது, தெரியாது என்று ஒத்துக்கொண்டு, நஷ்டத்தைத் தன் பக்கம் எழுதிக்கொள்கிறவர்களை நான் கோயிலிலும் அதிகம் பார்த்ததில்லை.

திருச்சியில் ஹாரிகா மூன்றாவது சுற்றில் தோற்றாள். நேஹா அதற்கும் முன்னாலேயே தோற்றுவிட்டாள். தோற்ற அன்று மத்தியானம் அவளே போன் செய்தாள். அதுவரை அவள் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அப்போது நான் பாத்திமுத்து வீட்டில் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"தோத்துப் போட்டேனுங்க" என்றது போன்.

"எப்படி? மொதல்ல இருந்து சொல்லு."

"மொத ஆட்டம் கிட்டத்துல போச்சுங்க…"

"கிட்டன்னா எவ்வளவு கிட்ட? டாஸ் ஆரு செயிச்சா?"

பாத்திமுத்து ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தச் சின்ன அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள். ஒவ்வொரு போர்டாகக் கேட்டாள். காற்றில் விரலால் சுண்டினாள். "அடப் பாவத்தே, அங்க ஏம்மா கட் அடிச்சே? நேரா இருந்துச்சேம்மா!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் நேஹாவும் விடாமல் கத்தினாள், "நேரா இல்லீங்கக்கா, நடுவுல கறுப்பு நின்னுச்சுங்க!" "கறுப்பு எங்க நின்னுச்சு, அதைச் சொல்லு மொதல்ல!"

சாப்பாட்டுக்கு வந்திருந்த ரசாக் தட்டைப் பார்த்தபடியே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "அந்தப் புள்ள சாப்பிட்டுச்சான்னு கேளு."

பாத்திமுத்து அவரைப் பார்த்துக் கையை வீசி, சும்மா இருக்கச் சொன்னாள். அவள் அப்போது இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் இருந்தாள்.